மூவாயிரத்தில் மலை, நாலாயிரத்தில் பள்ளம்

"மாமா, இதோட கிராப் அப்படியே ஹார்மன் கோட்டு மேலயே போகுதுங்க. ஆனா கேட்டா பேஸே இல்லீங்க. கிராப்பு பொய்யுங்களா?"

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி. காலேஜில் படிக்கிறான். ரெண்டாயிரம் ரூபாய் சேர்த்து, யூடியூபில் நாலு பேர் சொன்னதைக் கேட்டு, கிராபைப் பார்த்து ஓர் இயர்போன் வாங்கியிருக்கிறான். அதையே வாங்கி நான் மாட்டிக் கேட்டேன். எனக்குப் பேஸ் தாராளமாகவே இருந்தது. அவன் அப்பா, அதாவது என் மச்சான், பாதி ஆயுளைத் தறி ஓட்டியே கழித்தவர். அவரும் மாட்டிப் பார்த்தார். "பேசு நல்லாத்தான் அடிக்குது. பாடறவன் என்ன பாடறான்னுதான் தெரியல," என்றார். ஒரே இயர்போன், ஒரே கிராப், மூன்று தீர்ப்பு.

கிராப் பொய் இல்லை. ஆனால் அது யாருடைய காதில் எடுத்த கிராப் என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்தக் கோடு என்ன என்று பார்த்துவிடலாம். கிடை அச்சில் அதிர்வெண், 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை. செங்குத்தில் டெசிபெல். கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும் ஒரு சத்தத்தை இயர்போனில் ஓட்டி, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு சத்தம் வந்தது என்று மைக்கில் பதிவுசெய்கிறார்கள். மைக்கை மேசைமேல் வைத்து இயர்போனை அதன் எதிரில் பிடித்து எடுத்தால் அந்த அளவுக்கு அர்த்தமே கிடையாது. இயர்போன் காதுக்குள் அடைத்துக்கொண்டு வேலை செய்யும் சாமான். அதனால் ஒரு செயற்கைக் காது வேண்டும். கைக்கட்டைவிரல் பருமனில் ஓர் உலோகக் குழாய். ஒரு முனையில் இயர்போன், செவிப்பறை இருக்க வேண்டிய மறுமுனையில் மைக். நடுவில் பக்கவாட்டில் நுண்ணிய பொந்துகள். நிஜச் செவிப்பறை ஒலிக்கு எவ்வளவு இடம் கொடுக்குமோ, எவ்வளவு தடை போடுமோ, அதைப் பொந்துகள் நடித்துக் காட்டுகின்றன.

இப்படி எடுத்த கோட்டை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் திடுக்கிடுவார்கள். நேர்க்கோடாக இருக்காது. மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மலை எழும்பி நிற்கும், பத்து டெசிபெலுக்கும் மேலே. "என்ன இது, இவ்வளவு தூக்கியிருக்கிறானே" என்று தோன்றும்.

அந்த மலை நம் காதிலேயே இருப்பது. பெரியவர்களின் காதுக்குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளம். ஒரு முனை திறந்தது, மறுமுனையைச் செவிப்பறை அடைத்திருக்கிறது. ஒரு பக்கம் அடைத்த குழாயில் கால் அலைநீளம் எந்த ஒலிக்குப் பொருந்துகிறதோ அந்த ஒலி பெருகும். நாலு மடங்கு 25 மில்லிமீட்டர் என்றால் பத்து சென்டிமீட்டர். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. வகுத்துப் பாருங்கள்: 3,430 ஹெர்ட்ஸ். காதுமடலின் குழியும் சேர்ந்துகொள்வதால் நிஜத்தில் இது கொஞ்சம் இறங்கி, ஆளுக்கு ஆள் மாறி, இரண்டரையாயிரத்திலிருந்து மூவாயிரத்துச் சொச்சத்துக்குள் எங்காவது விழும். எதிரில் ஒருவர் பேசும்போதும், கோவில் மணி அடிக்கும்போதும், நாதஸ்வரம் ஊதும்போதும் இந்த மலையோடுதான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். மூளைக்கு அதுதான் நேர்க்கோடு.

இயர்போனைச் சொருகியதும் குழாயின் வாசல் அடைபட்டுவிடுகிறது, அந்த இயற்கைப் பெருக்கமும் போய்விடுகிறது. அதனால் போன மலையை இயர்போன்தான் திருப்பிப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல், பார்வைக்கு அழகான நேர்க்கோட்டைக் கொடுத்தால் பாடகர் ரெண்டு தப்படி பின்னால் போய் நிற்பார், மிருதங்கத்தின் வலந்தலைச் சொல் மழுங்கிவிடும்.

அந்தச் செயற்கைக் காதுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1972இல் அமெரிக்காவின் நோல்ஸ் நிறுவனம் கீமார் என்ற தலை-உடல் பொம்மையைக் கொண்டுவந்தது. காது கேட்கும் கருவிகளைச் சோதிக்கத்தான் செய்தார்கள், பாட்டுக் கேட்க அல்ல. 1981இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி, காதுக்குழாயையும் செவிப்பறையையும் போலச் செய்யும் குழாய்க்கு ஒரு தர அளவு வெளியிட்டது. எண் 711. இப்போது அதன் எண் 60318-4 என்று மாறிவிட்டது, ஆனாலும் இந்தத் துறையில் எல்லோரும் "711" என்றுதான் சொல்கிறார்கள். சீனாவில் அதன் நகல் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு வீட்டு மேசையிலேயே அளக்கும் கூட்டம் பெருகியது. சிங்கப்பூரில் இருக்கும் கிரினக்கிள் போன்றவர்கள் நூற்றுக்கணக்கான இயர்போன்களை இப்படி அளந்து அடுக்கிவைத்தார்கள். பெட்டியின் பின்னாலேயே கோட்டை அச்சடித்து விற்கும் கம்பெனிகளும் வந்துவிட்டன. அக்கா மகன் பார்த்த கிராப் இந்த வம்சத்தைச் சேர்ந்தது.

711 என்ன சொல்கிறது, எதுவரை சொல்கிறது என்பதில்தான் சிக்கல். எட்டாயிரம் பத்தாயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் அதற்குப் பொறுப்பு. அதற்கு மேலே கோடு வளைந்து நெளிந்து போகும், அந்த நெளிவில் பாதி குழாயினுடையது. எட்டாயிரம் பக்கம் ஒரு கூர்முனை தெரியுமே, பார்த்திருப்பீர்கள். இயர்போன் முனைக்கும் மைக்குக்கும் நடுவில் மிச்சமிருக்கும் குழாய்த் துண்டின் எதிரொலிப்பு அது. இயர்போனை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் முனை வலப்பக்கம் நகரும், வெளியே இழுத்தால் இடப்பக்கம். அதனால் அளக்கிறவர்கள் வேண்டுமென்றே அந்த முனை எட்டாயிரத்தில் வந்து நிற்கும்படி சொருகி அளக்கிறார்கள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று. உங்கள் காதில் அது ஆறாயிரத்தில் விழலாம், ஒன்பதாயிரத்தில் விழலாம். ஒருவருக்கு 'ஸ்' சத்தம் ஊசியாகக் குத்தும், பக்கத்திலிருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. இருவரும் சண்டை போடுவார்கள். இருவர் சொல்வதும் நிஜம்தான்.

என் பிழைப்பு திருப்பூரில், ஒரு சாயப்பட்டறை லேபில். அதனால் இந்த விஷயம் எனக்கு லேப் டிப் கண்ணாடி வழியாகத்தான் புரிந்தது. துணி வாங்கும் பயர் அனுப்பிய துணித்துண்டின் ஷேடுக்கு நாங்கள் சாயம் கலந்து சாம்பிள் போடுவோம். ஸ்பெக்ட்ரோ மிஷினில் வைத்தால் அதுவும் ஒரு கோடுதான் கொடுக்கும்: 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை எந்த ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று. பிறகு லைட் பாக்ஸில் வைத்துக் கண்ணால் பார்ப்போம். டி65, அதாவது பகல் வெளிச்சத்தில், இரண்டும் ஒன்றாக நிற்கும். சுவிட்சைத் தட்டி டிஎல்84க்கு, கடைகளில் எரியும் டியூப்லைட் வெளிச்சத்துக்கு, மாற்றினால் ஒன்று பச்சையாகத் திரும்பிக்கொள்ளும், மற்றது அப்படியே நிற்கும். துணி மாறவில்லை, வெளிச்சம் மாறியது. வேறு வேறு சாயக் கலவைகள் ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போகும், இன்னொன்றின் கீழ் பிரிந்துவிடும். அதனால்தான் எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று பயர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

711 குழாய் ஒரு விளக்கு. அதன் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு இயர்போன்கள் இன்னொரு காதில் பிரிந்துவிடலாம். உள்ளே சத்தம் எழுப்பும் டிரைவர் எந்த வகை, காற்றோட்டத் துளை எத்தனை, முனைக்குழாய் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து, எதிரில் இருக்கும் காதின் கன அளவு மாறும்போது ஒவ்வொன்றும் வேறு விதமாக நடந்துகொள்ளும். டென்மார்க்கின் புருயல் அண்ட் கியர் நிறுவனம், நிஜ மனிதர்களின் காதுகளை எம்ஆர்ஐ எடுத்து அந்த வடிவில் 5128 என்ற புதுத் தலையைச் செய்தது. அதே இயர்போனை அதில் அளந்தால் பேஸிலும் உச்ச அதிர்வெண்ணிலும் கோடு வேறு மாதிரி வருகிறது. எது சரி என்று கேட்டால், டிஎல்84 சரியா டி65 சரியா என்று கேட்பது போலத்தான். ஒன்று மட்டும் சொல்லலாம், புதுத் தலை நிஜக் காதுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இருக்கிறது.

இனி அந்த ஹார்மன் கோடு. இளவட்டங்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் கோடு இது. ஹார்மன் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2012, 2013 வாக்கில் ஆரம்பித்த வேலை. அவர்களுடைய யோசனை எளிமையானது. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது செவிப்பறையில் என்ன கோடு விழுகிறதோ, அதையே ஹெட்போனும் கொடுக்கட்டும். அதை ஆரம்பமாக வைத்துக்கொண்டு, கேட்பவர்கள் கையில் பேஸ், டிரெபிள் குமிழைக் கொடுத்து, பிடித்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி ஹெட்போன் என்று யாருக்கும் தெரியாது. பல ஹெட்போன்களின் கோடுகளை ஒரே ஹெட்போன் வழியாகப் பாவித்து ஓட்டினார்கள். தலையில் இருக்கும் கனம், மெத்தை, பேர் எதுவும் குறுக்கே வராது.

கண்ணை மறைத்ததுதான் பெரிய காரியம் என்பேன். ஃப்ளாய்ட் டூலும் ஆலிவும் 1994இலேயே ஸ்பீக்கர்களை வைத்துக் காட்டியிருந்தார்கள், பொருளைப் பார்த்துக்கொண்டு கேட்டால் மதிப்பெண் ஒரு விதம், திரை போட்டுக் கேட்டால் இன்னொரு விதம் என்று. அதுவும் கேட்டவர்கள் ஹார்மனின் சொந்த ஆட்கள். விலையும் அப்படித்தான் ஏமாற்றும். ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, கோட்டுக்கும் கடை விலைக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்று 2017இல் பார்த்தார். இல்லை.

சரி, ஹார்மன் கோடு எல்லோருக்கும் பிடித்ததா? அவர்களே 2018இல் சொன்ன கணக்கு இது. கேட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு அந்தக் கோடு, 15 சதவீதம் பேருக்கு இன்னும் பேஸ் வேண்டும், 21 சதவீதம் பேருக்குப் பேஸ் குறைய வேண்டும். அதாவது, மூன்றில் ஒருவருக்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. தேர்தலில் 64 சதவீதம் என்றால் அமோக வெற்றிதான். ஆனால் தோற்ற வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டவன் காது செவிடு என்று யாரும் சொல்வதில்லையே. ஹெட்போன் ஆர்வலர்கள் மட்டும் கூசாமல் சொல்கிறார்கள்.

இன்னொரு சங்கதியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். "கிராப் ஒண்ணுதான், ஆனா இதுல டீட்டெயில் ஜாஸ்தி, வேகம் ஜாஸ்தி, இடம் விரிஞ்சு கிடக்கு" என்று எழுதுவார்கள். பெரும்பாலான ஹெட்போன்களில் அதிர்வெண் கோடும் நேரத்தில் நடக்கும் நடத்தையும் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டவை. கோட்டைத் திருத்தினால் 'வேகமும்' கூடவே திருந்தும். அதனால் அந்த 'டீட்டெயில்' என்பது பெரும்பாலும் உங்கள் செவிப்பறையில் விழும் கோடுதான் என்பது என் கட்சி. இந்த விஷயத்தில் கிராப் ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிடும், ஆனால் உங்கள் காதில் எடுத்த கிராபாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று யாரிடமும் இல்லை.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்குப் பேஸ் காணாமல் போனதற்குக் காரணம் கையளவு தூரத்தில் இருந்தது. பெட்டியில் மூன்று அளவு சிலிக்கான் டிப் வந்திருந்தது. நடு அளவு மாட்டியபடியே வந்ததால் அதையே சொருகிக்கொண்டான். அவன் காதுத் துளை பெரிது, ஓரத்தில் இடைவெளி. தாழ்ந்த அதிர்வெண் வாழ்வதே அடைபட்ட காற்றை டிரைவர் அமுக்கி இழுப்பதில்தான். ஒரு மயிரிழை சந்து இருந்தால் போதும், காற்று அந்த வழியே தப்பிவிடும். 50 ஹெர்ட்ஸ் பக்கம் பத்து இருபது டெசிபெல் போய்விடும், மூவாயிரத்தில் ஒன்றுமே குறையாது. உலோகக் குழாயில் அளக்கும்போது சந்தே விடாமல் அடைத்துத்தான் அளக்கிறார்கள். காதை மூடும் பெரிய ஹெட்போனில் மூக்குக்கண்ணாடிக் கம்பியும் தலைமுடியும் இதே வேலையைச் செய்யும். பெரிய டிப்பை மாட்டச் சொன்னேன். "அடேங்கப்பா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

அதற்கு மறுநாளே அடுத்த சந்தேகம். "வீட்ல ராத்திரி கேட்டா நல்லாருக்கு, காலைல பஸ்ல கேட்டா மறுபடி பேஸ் போயிருதுங்க மாமா." குண்டடத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், எஞ்சின் உறுமல் முழுவதும் தாழ்ந்த அதிர்வெண்தான். அது பாட்டின் தாழ்ந்த பகுதியை மூடிவிடுகிறது. பேஸ் கூடிக் குறைவதற்குச் சத்த அளவும் ஒரு காரணம். 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் ஆட்களின் காதில் டெலிபோன் ரிசீவரை மாட்டி, எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக இருந்தால் சமமாகக் கேட்கிறது என்று அளந்தார்கள். இன்றைய ஐஎஸ்ஓ 226 தர அளவு அந்த வேலையின் பேரப்பிள்ளை. ஆயிரம் ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்குமோ, அவ்வளவு பெரிதாக 100 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் சுமார் 64 டெசிபெல் வேண்டும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட இந்த இடைவெளி சுருங்கும். ராத்திரி எல்லோரும் தூங்கும்போது மெதுவாக வைத்தால் பேஸ் மெலிவதும், சத்தமாக வைத்தால் பாட்டு 'உயிர்' பெறுவதும் இதனால்தான். ஹெட்போனின் கோடு அப்படியே இருக்கிறது, நம் காதின் கோடு வால்யூமோடு சேர்ந்து வளைகிறது. கடையில் ரெண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது ஒன்று துளி சத்தம் கூடினால் அதுதான் 'நல்ல' ஹெட்போன். விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

எதைப் போட்டுச் சோதிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் மிருதங்கத்தைச் சொல்வேன். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. சாதாரணத் தோல்வாத்தியத்தின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் கிடக்கும். மிருதங்கம், தபலாவில் நடுவில் கனம் ஏற்றியிருப்பதால் அவை இசைவான கணக்குக்கு வந்துவிடுகின்றன என்று காட்டினார். வலந்தலையின் கரணை செய்யும் வேலை அது. அதனால்தான் மிருதங்கத்தில் சுருதி பிடிக்கிறது. ஹெட்போன் சோதனைக்கு இதைவிட வசதியான வாத்தியம் கிடையாது. தொப்பியின் கும்கி கீழே வழுக்கும்போது அடைப்பு சரியா என்று தெரிந்துவிடும். வலந்தலையின் சுருதி தெளிவாக நின்றால் நடுப்பகுதி ஒழுங்கு. விரல் தோலில் படும் கணத்தின் சத்தம் கேட்காவிட்டால் நாலாயிரத்துக்கு மேலே எங்கோ பள்ளம். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடாரைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல ரசனைதான், ஆனால் கேசட்டிலிருந்து யூடியூபில் ஏற்றிய பிரதியை வைத்து ஹெட்போனுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். பாட்டை ஸ்பீக்கரில் கேட்டுக் கலக்குகிறோம், அந்தப் பாட்டைப் போட்டே ஸ்பீக்கரைச் சோதிக்கிறோம். டூல் இதற்குக் 'குழப்ப வட்டம்' என்றே பேர் வைத்தார்.

மச்சான் கதை வேறு. எனக்கு உண்மையில் எழுத வேண்டியிருந்ததும் அதுதான்.

"பாடறவன் என்ன பாடறான்னு தெரியல" என்று அவர் சொன்னபோது டிப் மாற்றினேன், பாட்டை மாற்றினேன். அசையவில்லை. அப்புறம்தான் அக்கா சொன்னதெல்லாம் கோர்வையாக ஞாபகம் வந்தது. டிவி சத்தம் எப்போதும் கூடுதல், போனில் பொம்பளைப் பிள்ளைகள் பேசினால் "என்ன, என்ன" என்பார், குக்கர் விசில் கேட்கும் ஆனால் காலிங் பெல் கேட்காது. "காது நல்லாத்தான் மச்சான் கேக்குது, இவங்கதான் வாய்க்குள்ளயே பேசறாங்க," என்பது அவர் கட்சி.

எங்கள் பக்கம் நாடாத் தறி ஓடும் குடோனுக்குள் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைக்க வேண்டும். நாடா இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அடிபடும் ஒவ்வோர் அடியும் எல்லா அதிர்வெண்ணிலும் பரவிய சத்தம். மொத்த அளவு 90 டெசிபெலைத் தாண்டிவிடும். எல்லா அதிர்வெண்ணும் சமமாகத்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், காதுக்குழாய் தன் மலையைப் போட்டு, மூவாயிரத்துப் பக்கத்தை மட்டும் பத்து டெசிபெலுக்கும் மேல் பெருக்கித்தான் உள்ளே அனுப்புகிறது. உள்காதில் சேதம் அடிபட்ட அதிர்வெண்ணுக்கு அரை ஆக்டேவ் மேலே விழும் பழக்கம் உள்ளது. மலையின் உச்சி 2,800 என்று வைத்தால், அதற்கு அரை ஆக்டேவ் மேலே ஏறக்குறைய 4,000. உலகத்தில் எந்த ஊர்த் தறிக்காரரை, கொதிகலன் ஆளை, பட்டாளத்துக்காரரைச் சோதித்தாலும் செவித்திறன் கோட்டில் நாலாயிரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருப்பது இதனால்தான். ஹெட்போன் கிராபில் மலையாகத் தெரிகிற அதே 25 மில்லிமீட்டர் குழாய், தறிக்காரர் காதில் பள்ளமாகத் தெரிகிறது.

செவித்திறன் கோட்டை, அதாவது ஆடியோகிராமை, எடுக்கும் அறையிலும் ஒரு ஹெட்போன்தான் மாட்டுகிறார்கள். டிடிஎச்-39 என்று ஒரு மாடல், பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் புழங்குவது. பாட்டுக் கேட்க லாயக்கில்லாதது, ஆனால் அது எவ்வளவு சத்தம் போடுகிறது என்பது துல்லியமாகத் தெரிந்தது. இங்கே ஹெட்போன் நிலையானது, காதுதான் அளக்கப்படும் பொருள். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை ஒவ்வோர் இடத்திலும் மிக மெல்லிய சத்தம் எது கேட்கிறது என்று புள்ளி வைத்துக்கொண்டு போவார்கள். 25 டெசிபெலுக்குள் இருந்தால் குறையில்லை என்பது பொதுவான கணக்கு. கேட்கும் திறன் குறையக் குறையக் கோடு கீழே போகும். ஹெட்போன் ஆர்வலர்கள் செயற்கைக் காதை நிலையாக வைத்து ஹெட்போனை அளக்கிறார்கள், ஆடியோ டாக்டர் ஹெட்போனை நிலையாக வைத்துக் காதை அளக்கிறார். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால்தான் 'என்ன கேட்கிறது' என்பது பாதியாவது புரியும்.

சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் வரிசையில் இடம்பெற்ற நோய். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் தொழில்நோயாக இருந்தது. ஆனால் வீட்டோடு சேர்ந்த குடோனில் நாலு தறி போட்டு ஓட்டுகிறவர் யாருக்குத் தெரிவிப்பது? முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. நூல் விலையும் கூலி உயர்வும் தெருவுக்கு வரும் பேச்சு. காதைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

தறிக் குடோனிலும் மில்லிலும் இப்போது இளசுகள் காதில் இயர்போனோடு நிற்கிறார்கள். இங்கேதான் கிராபில் இல்லாத ஒரு சமாச்சாரம் வருகிறது. நன்றாக அடைத்துக்கொள்ளும் இயர்போன் வெளிச் சத்தத்தைக் கணிசமாகத் தடுக்கும். தளர்வாகக் காதின் வாசலில் உட்காரும் வகை ஒன்றையும் தடுக்காது. அதிர்வெண் கோட்டில் இது தெரியாது, தனியாக அளக்க வேண்டியது. தளர்ந்த வகையை மாட்டிக்கொண்டு 90 டெசிபெலுக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் பாட்டு அதற்கு இணையாக ஏற வேண்டும். இரண்டு சத்தமும் சேர்ந்து ஒரே காதில். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரக் கணக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம். மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். 92இல் ரெண்டரை மணி நேரத்தில் வாரக் கோட்டா தீர்ந்துபோகும். ஒரு ஷிஃப்டில் டீ நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

மச்சானைச் சோதனைக்கு அழைத்துப்போக அக்கா பட்ட பாடு தனிப் பதிவு. "பாட்டுக் கேக்கறதுக்கா ஆஸ்பத்திரி போவாங்க?" என்று சனிக்கிழமைச் சந்தையைச் சாக்குச் சொல்லியே தள்ளிப்போட்டார். கடைசியில் போனார். தாளைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆயிரம் வரை கோடு ஒழுங்கு, இரண்டாயிரத்தில் சரியத் தொடங்கி, நாலாயிரத்தில் கிணறு, எட்டாயிரத்தில் கொஞ்சம் மேலேறி வருகிறது. இரண்டு காதிலும் ஒரே வடிவம். அக்கா மகன் அதை போனில் படம் எடுத்து, தன் இயர்போன் கிராபுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "அப்ப நாலாயிரத்துல நாப்பது டெசிபெல் தூக்கி விட்டா அப்பாவுக்குச் சரியாயிருமுங்களா?"

ஆகாது. ஏன் என்று சொல்ல வேண்டும். உள்காதின் முடிச் செல்கள் போன பிறகு மெல்லிய சத்தங்கள் காணாமல் போகின்றன, பெரிய சத்தங்கள் ஏறக்குறையப் பழைய பெரிய சத்தமாகவே கேட்கின்றன. நடுவில் இருந்த படிகள்தான் சுருங்கிவிட்டன. இழந்த நாற்பதையும் தூக்கிக் கொடுத்தால் மெல்லிய சத்தம் கேட்கும், பலத்த சத்தம் தாங்க முடியாமல் குத்தும். மிச்சமிருக்கிற செல்களுக்கும் ஆபத்து. காது கேட்கும் கருவி செய்கிறவர்கள் 1944லிருந்தே ஒரு கைக்கணக்கு வைத்திருந்தார்கள். லைபர்கர் என்பவர் சொன்னது, இழப்பில் பாதியை மட்டும் தூக்கு என்று. இன்றைய கருவிகள் இன்னும் நுணுக்கமாக, மெல்லியதை அதிகமாகவும் பலத்ததைக் குறைவாகவும் தூக்குகின்றன. போனில் இருக்கும் ஈக்வலைசருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் கையைக் கட்டிக்கொண்டு, நாலாயிரத்தில் ஆறு டெசிபெல், இரண்டாயிரத்தில் மூன்று, பேஸில் கொஞ்சம் இறக்கம், மொத்த வால்யூமையும் குறைத்து வைத்துக் கொடுத்தேன். அந்தக் கோட்டை ஹார்மன்காரர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். மச்சான் ரெண்டு சரணம் கேட்டார். "இப்ப வார்த்தை தெரியுது. முன்னாடி இப்படித்தான் கேட்டுச்சா எல்லாருக்கும்?" என்றார்.

அதற்கப்புறம் குடோனுக்கு மஞ்சள் ஃபோம் காதடைப்பான் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தோம். முதல் வாரம் தறியின் பழுதுச் சத்தம் தெரியாது என்று முனகினார். இப்போது அடைத்துக்கொண்டே, தறிச் சட்டத்தில் கை வைத்து அதிர்வில் பழுதைக் கண்டுபிடிக்கிறார். இயர்போன் மட்டும் பழையபடி அக்கா மகனிடமே போய்விட்டது. மச்சான் போன் ஸ்பீக்கரில்தான் பாட்டுக் கேட்கிறார். ஹெட்செட் போட்டால் யாராவது கூப்பிட்டால் தெரியாதாம்.